பெட்டியை முதலில், என்ஜினைப் பிறகு

வீட்டு நிலவறையில் மாதிரி ரயில் பாதை அமைக்கத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இந்த நான்கு ஆண்டுகளில் வாங்கியவற்றுள் ஏறத்தாழப் பாதியை விற்றுவிட்டேன். விற்றவற்றில் எதுவும் மட்டமான பொருள் அன்று. ஒவ்வொன்றும் தனியே எடுத்து வைத்தால் கண்ணை எடுக்க மனம் வராது. ஆனால் நான் தேர்ந்தெடுத்த வரிசை தவறாக இருந்தது. நீராவி என்ஜினின் மேல் ஆசைப்பட்டு அதை முதலில் வாங்கினேன். அது இழுக்க வேண்டிய பயணிகள் பெட்டிகளைப் பிறகு தேடினேன். இரண்டும் திரும்ப வேண்டிய வளைவைக் கடைசியில்தான் அளந்தேன். இந்த வரிசையைத் தலைகீழாக்கிய பிறகே என் நிலவறையில் ஒரு ரயில் ரயிலாகத் தெரியத் தொடங்கியது.

முதலில் வாங்கியது அமெரிக்காவின் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் ஓட்டிய 'பிக் பாய்' என்ஜினின் மாதிரி. 1941 முதல் 1944 வரை 25 மட்டுமே கட்டப்பட்ட இந்த என்ஜின், கரியும் நீரும் சுமக்கும் டெண்டரோடு சேர்த்து 132 அடி நீளமுடையது. 87-ல் ஒரு பங்காகச் சுருங்கும் எச்ஓ அளவில் அது ஒன்றரை அடிக்கு வந்து நிற்கும். நான் அப்போது போட்டிருந்த பாதையோ, புதிதாகத் தொடங்குவோருக்கான ரயில் செட்டுகளோடு வரும் 18 அங்குல ஆரம் கொண்ட வளைவு. என்ஜின் தடம் புரளாமல் திரும்பியது உண்மைதான். ஆனால் திரும்பும்போது அதன் கொதிகலன் தண்டவாளத்தை விட்டு வெகுதூரம் வெளியே நீண்டு, நான் ஒட்டி வைத்திருந்த ரயில் நிலையச் சுவரை உரசியது. அதைவிடப் பெரிய பொருத்தமின்மை ஒன்றும் இருந்தது. யூட்டா, வயோமிங் மலைப்பாதைகளில் சரக்கு வண்டிகளை இழுப்பதற்காகப் பிறந்த அந்த என்ஜினின் பின்னால் நான் மாட்டியிருந்தது நான்கு பயணிகள் பெட்டிகள். பார்க்கப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

நான் வசிப்பது நியூ ஜெர்சியின் நடுப்பகுதி. கோடையில் குடும்பத்தோடு கடற்கரைக்குச் செல்லும்போது நார்த் ஜெர்சி கோஸ்ட் வழித்தடத்தில் பயணம் செய்வதுண்டு. ரெட் பேங்க், லாங் பிராஞ்ச், ஆஸ்பரி பார்க், பெல்மார் என்று ஊர்கள் வரிசையாக வந்து, பே ஹெட்டில் பாதை முடிகிறது. இதே பாதை ஒரு காலத்தில் நியூ யார்க் அண்ட் லாங் பிராஞ்ச் என்ற பெயரில் இருந்ததையும், அதில் பென்சில்வேனியா ரயில்ரோடு, சென்ட்ரல் ரயில்ரோடு ஆஃப் நியூ ஜெர்சி என்ற இரு நிறுவனங்களும் தத்தம் ரயில்களை ஓட்டின என்பதையும், அமெரிக்காவில் நீராவி பெரும்பாலும் அணைந்துவிட்ட 1957 வரை பென்சில்வேனியாவின் நீராவி என்ஜின்கள் இங்கே அலுவலகம் சென்று திரும்புவோரின் ரயில்களை இழுத்தன என்பதையும் படித்தபோது, தேடிக்கொண்டிருந்தது வாசலிலேயே இருந்திருக்கிறது என்று புரிந்தது. நியூ யார்க்கிலிருந்து மின்சார என்ஜின் இழுத்து வரும் ரயில் சவுத் அம்பாயில் நிற்கும். மின்கம்பி அங்கே முடிந்துவிடும். மின்சார என்ஜின் கழன்று ஒதுங்க, கே4எஸ் என்ற நீராவி என்ஜின் பின்னோக்கி வந்து பெட்டிகளோடு இணையும். ஒரு மாதிரிப் பாதையில் நாள் முழுவதும் செய்து பார்க்க இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் பெட்டியிலிருந்து தொடங்க முடிவு செய்தேன். பென்சில்வேனியாவின் அலுவலக ரயில்களில் ஓடியவை பி70 என்ற எஃகுப் பெட்டிகள். 1907-ல் தொடங்கி ஆயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட இவ்வகையில், பயணிகள் அமரும் பகுதி மட்டும் ஏறத்தாழ 70 அடி. முழுப் பெட்டி 80 அடி. எச்ஓ அளவில் 11 அங்குலம். நீளமான பெட்டியின் அளவை இரண்டரையால் பெருக்கினால் அது நம்பிக்கையோடு திரும்பக்கூடிய வளைவின் ஆரம் கிடைக்கும், மூன்றால் பெருக்கினால் கண்ணுக்கும் உறுத்தாத வளைவு கிடைக்கும் என்பது மாதிரி ரயில் கட்டுவோர் பலரும் கைக்கொள்ளும் கணக்கு. என் பெட்டிக்கு அது இருபத்தேழரை அங்குலத்திலிருந்து 33 அங்குலம் வரை. எனவே 30 அங்குல ஆரத்தை முடிவு செய்தேன். எல்லாரும் தொடங்குகின்ற நாலுக்கு எட்டு அடி மரப்பலகையில் 22 அங்குலத்துக்கு மேல் வளைவு கொள்ளாது. ஆகவே பலகையைப் பிரித்துவிட்டு, சுவரை ஒட்டிச் செல்லும் தட்டுகளாகப் பாதையை மாற்றினேன். கடைக்காரர்கள் அட்டைப்பெட்டியின் மேல் '18 அங்குல வளைவிலும் ஓடும்' என்று அச்சிட்டிருப்பதைக் காட்டுவார்கள். ஓடும் என்பது உண்மை. ஆனால் அடுத்தடுத்த இரண்டு பெட்டிகளின் மூலைகள் எதிரெதிர்த் திசையில் விலகி நிற்க, நடுவே உள்ள கப்ளிங் நீட்டி முழக்கிக்கொண்டு தெரியும். அதைப் பார்த்தால் உள்ளே மனிதர்கள் ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்கு நடந்து போவதாகக் கற்பனை செய்ய முடியாது.

இடம் குறைவாக உள்ளவர்கள் 160-ல் ஒரு பங்காகிய 'என்' (N) அளவைத் தேர்ந்தெடுப்பதில் எந்தக் குறையும் இல்லை. அங்கே இதே பெட்டி 6 அங்குலம்தான். 15 அங்குல ஆரமே போதும். நான் எச்ஓவில் நின்றதற்குக் காரணம் ஒன்றே: கே4எஸ்ஸின் இயக்குச் சக்கரம் 80 அங்குல விட்டமுடையது, எச்ஓவில் அது 23 மில்லிமீட்டர், 'என்' அளவில் 13-க்கும் குறைவு. சக்கரங்களை இணைக்கும் தண்டுகளும், உருளைக்குள் நீராவியை விடும் வால்ஷார்ட்ஸ் வால்வு இயக்கத்தின் மெல்லிய கம்பிகளும் மெதுவாக மேலும் கீழும் போய்வருவதைப் பார்ப்பதற்காகவே நீராவி என்ஜின் வைத்திருக்கிறேன். கண்ணாடி போட்டாலும் பார்வை மங்கும் வயதில், அந்தப் பத்து மில்லிமீட்டர் எனக்குப் பெரியது.

இடம் முடிவானதும் ஆண்டை முடிவு செய்ய வேண்டும். இதை நான் பல மாதங்கள் தள்ளிப்போட்டேன். காரணம், 'புளூ காமெட்' மேல் இருந்த ஆசை. சென்ட்ரல் ரயில்ரோடு 1929 முதல் 1941 வரை ஜெர்சி சிட்டியிலிருந்து அட்லாண்டிக் சிட்டிக்கு ஓட்டிய அந்த ரயில், ரெட் பேங்க் வரை இதே பாதையில்தான் வந்தது. என்ஜினும் பெட்டிகளும் நீல நிறம். பெட்டிகளுக்கு வால்மீன்களின் பெயர்கள். அதை வாங்கினால் ஆண்டு 1941-க்கு முன்னதாகிவிடும். நான் விரும்பியதோ போருக்குப் பிந்திய, புகை படிந்த, அலுவலகம் முடிந்து வீடு திரும்பும் மக்களின் ரயில். ஒரே பாதையில் இரண்டையும் ஓட்டலாம், யார் கேட்கப் போகிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். கேட்பவன் நானேதான். 1953 என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். அந்த ஆண்டுக்கு ஒரு பரிசும் கிடைத்தது: சென்ட்ரல் ரயில்ரோட்டின் 'கேமல்பேக்' என்ஜின்கள் 1954 வரை பணியில் இருந்தன. ஆந்திரசைட் என்ற கடின நிலக்கரியின் கழிவுத் தூளை எரிப்பதற்காக மிக அகலமாகக் கட்டப்பட்ட அடுப்பினால், ஓட்டுநரின் அறையைப் பின்னால் வைக்க இடமின்றி, கொதிகலனின் நடு முதுகில் ஏற்றி வைத்திருப்பார்கள். கரி அள்ளிப் போடுபவர் பின்னால் தனியே நிற்பார். இந்த வினோத உருவத்தின் ஒரு மாதிரியை அடுத்த ஆண்டு வாங்கும் எண்ணம் இருக்கிறது.

ஆண்டு முடிவானதன் பயன் கே4எஸ்ஸைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் தெரிந்தது. 1914-ல் முதல் என்ஜினும் 1928 வரை மொத்தம் 425-ம் கட்டப்பட்ட இவ்வகை, பென்சில்வேனியாவின் பயணிகள் ரயில்களை ஒரு தலைமுறைக்கு மேல் சுமந்தது. அவற்றில் 75-ஐ பிலடெல்பியாவின் பால்ட்வின் நிறுவனமும், எஞ்சியவற்றை ஆல்டூனாவிலுள்ள ரயில்ரோட்டின் சொந்தப் பட்டறைகளும் கட்டின. இன்று மிஞ்சியிருப்பவை இரண்டே: எண் 1361 ஆல்டூனாவிலும், எண் 3750 ஸ்ட்ராஸ்பர்க் அருங்காட்சியகத்திலும். எல்லாக் கே4எஸ்ஸும் ஒன்றுபோல் இருந்ததில்லை. போருக்கு முன் விளக்கு கொதிகலனின் முகத்தில் இருந்தது. மின்னாக்கி மேலே இருந்தது. நாற்பதுகளின் நடுவிலிருந்து, பழுது பார்க்க வசதியாக மின்னாக்கியை முன்முகத்துக்குக் கொண்டுவந்து, விளக்கை உச்சிக்கு ஏற்றினார்கள். பலவற்றில் மரச்சட்டம் போன்ற பழைய முன்தடுப்பை நீக்கி வார்ப்பெஃகுத் தடுப்பைப் பொருத்தினார்கள். மாதிரிகளும் இவ்விரு முகங்களோடும் கிடைக்கின்றன. விலை குறைவாகக் கிடைத்ததென்று போருக்கு முந்திய முகத்தை வாங்கியிருந்தால், என் 1953 ஒவ்வொரு சுற்றிலும் பொய்யாகியிருக்கும்.

வாங்கியவை இரண்டு. ஒன்று பாக்மன் நிறுவனத்தின் புதிய, ஒலியோடு கூடிய மாதிரி. மற்றது பவ்சர் நிறுவனம் வெகுகாலம் விற்றுவந்த உலோக வார்ப்புப் பாகத் தொகுப்பிலிருந்து யாரோ பொறுமையாகக் கட்டி வைத்திருந்த பழைய என்ஜின், ஒரு ரயில் சந்தையில் கிடைத்தது. பழையதை வாங்குவோர் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். இயன்ற அளவு மெதுவாக ஓடவிட்டு, தண்டுகளைப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். இடப்பக்கச் சக்கரத்தில் தண்டு மாட்டும் கொண்டியும் வலப்பக்கத்ததும் கால் சுற்று இடைவெளியில் நிற்க வேண்டும். மூன்று அச்சுகளிலும் அந்த இடைவெளி துல்லியமாக ஒன்றாக இல்லாவிட்டால், என்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் நொண்டும். வேகமாக ஓடும்போது இக்குறை மறைந்துவிடும். ஆகவே விற்பவர் வேகமாக ஓட்டிக் காட்டினால் மெதுவாக ஓட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட வேண்டாம். நான் கூச்சப்பட்டு முன்பு ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். பற்சக்கரங்களில் முடி போன்ற விரிசல் உள்ளதா என்பதையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

இழுவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில்ரோடு சங்கம் பரிந்துரைக்கும் எடை, எச்ஓ பெட்டி ஒன்றுக்கு ஒரு அவுன்ஸும், பிறகு நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸும் ஆகும். என் பி70-க்கு அது ஆறரை அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 184 கிராம். ஐந்து பெட்டிகள் சேர்ந்தால் ஒரு கிலோவை நெருங்கும். எடை குறைந்தால் வளைவில் பெட்டி சாயும். கூடினால் என்ஜினின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். உலோக வார்ப்பு என்ஜின் ஐந்தையும் சிரமமின்றி இழுக்கிறது. பிளாஸ்டிக் உடல் கொண்டதும் சமதளத்தில் இழுக்கிறது. கடற்கரைச் சமவெளியில் ஓடும் பாதை என்பதால் என் நிலவறையில் ஏற்றமே வைக்கவில்லை. இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததில் கிடைத்த இன்னொரு நன்மை அது.

மற்றொரு நன்மை பே ஹெட்டில் இருக்கிறது. அங்கே நிஜப் பாதையே ஒரு பெரிய கண்ணியாக வளைந்து தன்னோடு தானே சேர்கிறது. ரயில் முழுதும் அப்படியே சுற்றித் திரும்பிவிடும். மாதிரிப் பாதையில் இத்தகைய கண்ணியைப் பலர் வேறு வழியின்றி வைத்து மலைக்குள் மறைப்பார்கள். எனக்கு அதை வெளிப்படையாக வைக்கும் உரிமை கிடைத்தது. இரு தண்டவாளத்திலும் மின்சாரம் பாய்வதால், கண்ணி தன்னோடு சேரும் இடத்தில் எதிர்முனைகள் மோதிக் குறுக்கு மின்னோட்டம் ஏற்படும். ஆகவே கண்ணியின் மின்சாரத்தைத் தனிப்பகுதியாகப் பிரித்து, அதன் முனைகளைத் தானாக மாற்றும் கருவி ஒன்று தேவை. உலோகச் சக்கரமும் உள்விளக்கும் கொண்ட பெட்டிகள் என்றால், முழு ரயிலும் அந்தத் தனிப்பகுதிக்குள் அடங்க வேண்டும். 30 அங்குல ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு பதினைந்தரை அடிக்கும் மேல். என்ஜினும் ஐந்து பெட்டிகளும் சேர்ந்து ஐந்தரை அடி அளவில்தான். கவலையில்லை.

என்ஜின் எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் சற்று நேரம் கை ஓடவில்லை. 1951 பிப்ரவரி 6 அன்று மாலை, ஜெர்சி சிட்டியிலிருந்து பே ஹெட்டை நோக்கி அலுவலக மக்களோடு நிரம்பி வந்த 'புரோக்கர்' என்ற ரயில், நெடுஞ்சாலைப் பணிக்காக வுட்பிரிட்ஜில் போடப்பட்டிருந்த தற்காலிகப் பாலத்தில் வேகமாக வந்து தடம் புரண்டது. 85 பேர் இறந்தார்கள். இழுத்தது கே4எஸ் 2445. அந்த இடம் என் வீட்டிலிருந்து சில மைல்தான். என் பாதையில் அந்த எண் ஓடாது.

பெட்டிகளில் நான் கூர்ந்து பார்ப்பது கூரையைத்தான். பிறந்தபோது பி70-க்கு நடுவில் உயர்ந்து பக்கங்களில் சிறு சாளரங்கள் வைத்த கூரை இருந்தது. பின்னாளில் குளிரூட்டப்பட்டவற்றின் கூரையில் காற்றுக்குழாய்கள் ஏறி, தோள்பட்டை உருண்டுவிட்டது. புறநகர் ரயில்களில் திறக்கும் ஜன்னலோடு கூடிய பழைய கூரைப் பெட்டிகள் கடைசி வரை உழைத்தன. ஆகவே ஐந்தில் நான்கை உயர்கூரையாகவும், ஒன்றை உருண்ட கூரையாகவும் வைத்திருக்கிறேன். எல்லாம் ஒரே டஸ்கன் சிவப்பு என்றாலும், ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு அளவு வெயிலும் புகையும் பட்டதுபோல் மெல்லிய சாயம் பூசினேன். ஒரே நாளில் ஆலையிலிருந்து வந்தவைபோல் ஐந்தும் பளபளத்தால் அது அலுவலக ரயில் ஆகாது.

இரண்டு என்ஜின்களும் ஓடும் காணொளியைச் சென்ற மாதம் விழுப்புரத்திலுள்ள அப்பாவுக்கு அனுப்பினேன். மீட்டர் கேஜ் காலத்தில் அந்தச் சந்திப்பைப் பார்த்தே வளர்ந்தவர் அவர். உடனே அழைத்து, "இது நம்ம ஊரு ஒய்.பி. மாதிரியே இருக்கேப்பா, முன்னாடி நாலு, நடுவுல ஆறு, பின்னாடி ரெண்டு" என்றார். சக்கர அமைப்பைச் சரியாகவே எண்ணியிருந்தார். இந்தியாவின் ஒய்.பி. வகையில் முதல் என்ஜின்களை 1949-ல் கட்டித் தந்ததும் அதே பால்ட்வின்தான் என்று நான் சொன்னதும், மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "பெட்டியில ஆளு யாரையும் காணோமே, உட்கார வைக்கலையா?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. இப்போது உயர்கூரைப் பெட்டி ஒன்றின் கூரையைக் கழற்றி வைத்து, செய்தித்தாள் படிக்கும் மனிதர்களை இருக்கைக்கு ஒருவராக ஒட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னும் நான்கு பெட்டிகள் பாக்கி.