வளைவது யார் என்று கேட்ட ரீச்சர்

1996-ல் போரால் கிளிநொச்சி நகரம் வெறுமையானபோது எங்கள் பள்ளிக்கூடமும் இடம்பெயர்ந்தது. அக்கராயன் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் காலையில் அவர்களுடைய பிள்ளைகள் படித்து முடிய, மத்தியானத்துக்குப் பிறகு நாங்கள். கட்டடத்துக்குள் இடம் போதாத வகுப்புகளுக்குக் கிடுகுக் கொட்டில். அந்த நாட்களைப் பற்றி நம்மில் பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது அந்தக் கொட்டிலில் நடந்த ஆங்கிலப் பாடத்தைப் பற்றி, அதிலும் ஒரு சொற்கூட்டத்தைப் பற்றி. தன் பெயரைப் போட வேண்டாம் என்று ரீச்சர் கேட்டுக்கொண்டதால் ரீச்சர் என்றே எழுதுகிறேன். அவரிடம் படித்தவர்களுக்கு ஆளைத் தெரியும்.

சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் வகுப்பு. ‘அடப்ற்’ (adapt), ‘அடொப்ற்’ (adopt), ‘அடெப்ற்’ (adept) என்று மூன்று சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். சூழலுக்கு ஏற்ப மாறுவதும் மாற்றுவதும் முதலாவது. தத்துப் பிள்ளையோ புதிய முறையோ, ஒன்றைத் தனதாக எடுத்துக்கொள்வது இரண்டாவது. கைதேர்ந்தவர் என்பது மூன்றாவது. இதோடு விட்டிருந்தால் மறந்திருப்போம். அவர் பின்னால் வரும் சின்னச் சொற்களைப் பிடித்துக்கொண்டார். புதிய ஊருக்குப் பழகுகிறோம் என்றால் ‘அடப்ற் ரு’. ஒரு தேவைக்காக ஒன்றை மாற்றி அமைக்கிறோம் என்றால் ‘அடப்ற் ஃபோர்’. கதையிலிருந்து நாடகம் எழுதினால் ‘அடப்ற்றட் ஃப்ரொம்’. ஒரே வினை, மூன்று வழி. உதாரணம் தேட நாங்கள் தூரம் போகவில்லை. பெற்றோல் சொட்டு விட்டு இயக்கி, மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள் றோட்டில் போய்க்கொண்டிருந்தன. மாற்றியமைத்த யந்திரம் என்பதை ஆங்கிலத்தில் எழுத அதைவிட நல்ல வசனம் எது?

பொருளாதாரத் தடையும் மின்சாரமில்லாத இரவுகளும் அவருக்குப் பாடப்புத்தகமாக இருந்தன. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய், கம்பியில் நிற்கும் திரி, காற்றுக்கு மறைப்பாகப் போத்தலின் கண்ணாடி. அந்த விளக்கை ஆங்கிலத்தில் விளக்கி எழுதி வரச் சொன்னார். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் றேடியோச் செய்தி கேட்பதையும் எழுதச் சொன்னார். அப்போதுதான் ‘இம்ப்ரவைஸ்’ (improvise) வந்தது. எதிர்பாராதது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது; முன்னேற்பாடு இல்லாமல் கையில் இருப்பதைக்கொண்டு ஆக்குவது. ‘மேக்‌ஷிஃப்ற்’ (makeshift) அப்படி ஆக்கிய தற்காலிகமான பொருளுக்கான சொல். எங்கள் கொட்டில் ‘மேக்‌ஷிஃப்ற்’ வகுப்பறை. அதற்குள் நடந்த படிப்புக்கு அந்த அடைமொழியைப் போட அவர் விடவே மாட்டார்.

நான் இன்றுவரை கையில் வைத்திருப்பது அதற்குப் பிறகு நடந்த பாடம். ‘பிளெக்சிபிள்’ (flexible), ‘பிளையபிள்’ (pliable), ‘அக்கொமடேற்றிங்’ (accommodating) மூன்றையும் எழுதிவிட்டு, “சொல்லுங்கோ பாப்பம், இதிலை வளையிறது ஆர், வளைக்கிறது ஆர்?” என்று கேட்டார். அகராதியைப் பார்த்தால் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே பக்கம் சாயும். ஆனால் ஆளைப் பற்றிச் சொல்லும்போது ‘பிளெக்சிபிள்’ பாராட்டு. தேவை வந்தால் தானாக மாறத் தெரிந்தவர். ‘பிளையபிள்’ என்றால் மற்றவர் இழுத்த இழுப்புக்குப் போகிறவர், அது பாராட்டு அல்ல. ‘அக்கொமடேற்றிங்’ மற்றவரின் வசதிக்காக இடம் கொடுக்கிறவர். நல்ல குணம்தான், யாருடைய வசதி என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அகதி வாழ்வில் தினமும் யாரோ ஒருவருக்கு இடம் கொடுத்தும் இடம் கேட்டும் நின்ற பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி உடனே விளங்கியது.

இலண்டனுக்கு வந்த பிறகு வேலை விளம்பரங்களில் இந்தச் சொற்கள் வரிசையாக நின்றன. ‘பிளெக்சிபிள்’ நேரம் என்று போட்டிருப்பார்கள். சில இடங்களில் அது தொழிலாளி தன் நேரத்தைத் தெரிவுசெய்யலாம் என்பது. வேறு சில இடங்களில், கூப்பிடும்போது வர வேண்டும், கூப்பிடாவிட்டால் சம்பளம் இல்லை என்பது. நிச்சயமான மணித்தியாலம் எதையும் உறுதி செய்யாத ஒப்பந்தங்களுக்கும் அதே சொல்தான். ரீச்சரின் கேள்வியை நேர்முகத்தில் மரியாதையாகக் கேட்டுவிட வேண்டும்: நேரத்தைத் தீர்மானிப்பவர் யார்? பிரித்தானியாவில் இந்தச் சொல் சட்டத்திலும் இருக்கிறது. வேலை நேரத்தையோ முறையையோ மாற்றித்தரும்படி விண்ணப்பிக்கும் உரிமை 2003-ல் சிறுபிள்ளைகளின் பெற்றோருக்கு வந்தது. 2014-ல் 26 வாரம் வேலை செய்த எல்லாத் தொழிலாளருக்கும் விரிந்தது. 2024 ஏப்ரலிலிருந்து வேலையின் முதல் நாளிலேயே கேட்கலாம். கேட்கும் உரிமை மட்டும்தான். சட்டம் சொல்லும் காரணங்களுக்காக முதலாளி மறுக்கலாம். இது தெரியாமல் இரவு வேலையில் தேய்கிற நம்மவர்களை நினைத்தே இவ்வளவும் விவரமாக எழுதுகிறேன்.

பிரான்சில் இருக்கிறவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் ‘வேர்சற்றைல்’ (versatile) என்றால் பல துறையிலும் கைவந்தவர். பிரெஞ்சில் அதே எழுத்துக்கூட்டு ‘வெர்சத்தீல்’ என்று ஒலிக்கும், பொருள் நிலையில்லாத மனம் உள்ளவர். விண்ணப்பத்தில் அங்கே ‘பொலிவலான்’ (polyvalent) என்றுதான் போட வேண்டும்.

அடி தாங்கி மீள்கிறவர் என்ற பொருளில் வரும் ‘ரிசிலியன்ற்’ (resilient) என்ற சொல்லைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. லத்தீனில் திரும்பப் பாய்தல் என்ற வேர். 1818-ல் தோமஸ் ட்ரெட்கோல்ட் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் மரங்களின் வலிமையைப் பற்றி எழுதியபோது இதைக் கையாண்டார். 1973-ல் ஹொலிங் என்ற சூழலியலாளர் இயற்கை அமைப்புகள் அதிர்ச்சியைத் தாங்குவது பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு சூழலியலில் பரவியது. இப்போது வன்னிச் சனத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பாராட்டாக இதைப் போடுகிறார்கள். நல்ல மனதோடுதான் போடுகிறார்கள். ஆனால் வளைந்த மரம் நிமிர்வது பாரத்தை எடுத்த பிறகு. காணி திரும்பாதவரையும், காணாமல் போன பிள்ளையைத் தேடித் தெருவில் இருக்கும் தாயையும் அந்தச் சொல்லால் அழைக்கும் முன், பாரம் இறங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். எங்கள் ஆட்கள் நிமிர்ந்துதான் நிற்கிறார்கள். அவர்கள் தோளில் இன்னும் சுமை இருக்கிறது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஊரில் இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்பட்டியல்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. பட்டியலில் எல்லாச் சொல்லும் ஒரே பொருளோடு படுத்திருக்கும். அதனால் எங்கள் பழைய மாணவர் சங்கம் அனுப்பும் புத்தகங்களோடு, சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்று காட்டும் அகராதிகளையும் அனுப்புங்கள். வகுப்புக்கு ஒன்று இருந்தாலே போதும். பிள்ளைகள் தங்கள் வயல், குளம், கடை, பஸ் இவற்றை வைத்தே வசனம் எழுதட்டும். ரீச்சர் ஓய்வு பெற்றிருந்தாலும் இந்தச் சொற்களுக்கு ஒரு பயிற்சித்தாள் எழுதித் தரச் சம்மதித்திருக்கிறார். தட்டச்சு செய்யும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். பிரதி எடுக்கும் செலவைப் பொறுப்பேற்க யாராவது முன்வர வேண்டும்.