"ஏதாவது இருந்தா சொல்றேன்": வேலை தேடும் நாட்குறிப்பு

பிப்ரவரி 3

எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். கூட வேலை பார்த்த எல்லோரும் ஒரே நாளில் வெளியே வந்தோம், அதனால் எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று புலம்ப வழியில்லை. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே மாதிரி வேலையைத் தேடுகிறோம், ஒரே விளம்பரங்களைப் பார்க்கிறோம். காலையில் நான் குழுவில் போட்ட அறிவிப்பு சாயங்காலம் வேறொருவர் கைக்குப் போய் எனக்கே திரும்பி வந்தது.

முன்னாள் மேலாளருக்கு போன் செய்தேன். நன்றாகத்தான் பேசினார். "ரெஸ்யூமே அனுப்பி வைம்மா, ஏதாவது இருந்தா சொல்றேன்." நண்பர்களும் இதையேதான் சொன்னார்கள். யாரும் ஒப்புக்குச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னார்கள். ஆனாலும் அந்தச் சொல்லோடு பேச்சு முடிந்துபோகிறது. இந்த வாரம் அவர்கள் கையில் காலியிடம் எதுவும் இல்லை, அவ்வளவுதான். வேறு என்ன கேட்பது என்று எனக்கும் தெரியவில்லை.

பிப்ரவரி 5

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையை இன்று உட்கார்ந்து படித்தேன். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் அவர் ஒரு சின்னக் கேள்வி கேட்டிருக்கிறார்: அந்தத் தெரிந்தவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்த்தோம் என்றவர்கள் 16.7 விழுக்காடுதான். அதற்குக் குறைவாக, ஆனால் ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் என்றவர்கள் 55.6. ஆண்டுக்கு ஒருமுறையோ அதுவும் இல்லையோ என்றவர்கள் 27.8. நெருங்கியவர்களைவிட அரைகுறையாகத் தெரிந்தவர்களே வேலைக்கு வழிகாட்டியிருக்கிறார்கள்.

காரணம் எங்கள் வாட்ஸ்அப் குழுவைப் பார்த்தாலே தெரியும். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் எனக்கும் தெரிந்ததுதான். நான் போகாத இடத்துக்குப் போய் வருகிறவர்கள் மற்றவர்கள்.

அந்தக் கணக்கு வெறும் 54 பேரை வைத்துப் போட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2022-இல் சயன்ஸ் இதழில் இதே கேள்விக்குப் பெரிய அளவில் பதில் வந்தது. வேலை சார்ந்த தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இனில் 'இவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று காட்டுகிறார்களே, அந்தப் பரிந்துரையை ஆளுக்கு ஒரு விதமாக மாற்றிக் காட்டி, ஐந்து ஆண்டுகளில் சுமார் 2 கோடிப் பேரிடம் சோதித்திருக்கிறார்கள். (சோதனைக்குள் இருப்பது அந்த 2 கோடிப் பேருக்கும் தெரியாது. அதைப் பற்றிச் சர்ச்சையும் எழுந்தது.) வேலை மாறுவதற்கு அதிகம் உதவியது ஓரளவு தூரத்தில் இருக்கும் பழக்கம். முற்றிலும் அந்நியமானவரும் அவ்வளவாக உதவவில்லை, ஒட்டி உறவாடுகிறவரும் உதவவில்லை. கணினி சார்ந்த துறைகளில்தான் தூரத்துப் பழக்கம் நன்றாக வேலை செய்கிறது. மற்ற துறைகளில் நெருக்கமானவர்கள் கை ஓங்கியிருக்கிறது. என் வேலை கிடங்கும் கணினியும் கலந்தது. இரண்டு பக்கமும் தட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

பிப்ரவரி 6

பட்டியல் போட்டேன். நன்றாகத் தெரிந்தவர்களை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். வருடாந்திரத் தணிக்கைக்கு வருகிறவர், லாரி ஏற்பாடு செய்து தந்த நிறுவனத்தில் போனில் மட்டும் பேசிய பெண், பயிற்சி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர், என்னோடு சண்டை போட்டுக்கொண்டே சரக்கு அனுப்பிய சப்ளையர். கடைசியில் சொன்னவர் எனக்காக நல்ல வார்த்தை சொல்வார் என்றுதான் நினைக்கிறேன். பில்லை நான் ஒருநாளும் தாமதம் செய்ததில்லை.

பிப்ரவரி 9

சித்தப்பா போன் செய்தார். "ஏம்மா, நீ அங்க என்ன வேலைதான் பாத்தே?"

"இன்வென்ட்ரி பிளானிங், சித்தப்பா. டிமாண்ட் ஃபோர்காஸ்ட், சேஃப்டி ஸ்டாக், ரீஆர்டர் பாயின்ட்..."

"சரி சரி" என்று உடல்நிலை விசாரிப்புக்குப் போய்விட்டார். நான் விடவில்லை.

"மருந்துக் கிடங்குல எந்த மருந்து எவ்வளவு வாங்கி வைக்கணும்னு கணக்குப் போடறது, சித்தப்பா. கம்மியா வாங்கினா கேக்குறப்ப இருக்காது. அதிகமா வாங்கினா தேதி முடிஞ்சு எரிக்கத்தான் போகும். ரெண்டும் நடக்காம பாத்துக்கணும்."

"அப்ப வீணாப் போறத மிச்சம் பண்ற வேலைன்னு சொல்லு" என்றார். சற்று யோசித்துவிட்டு, "என்கூட வேலை பார்த்தாரே ஒருத்தர், அவரோட மருமக ஏதோ குளிர்சாதனக் கிடங்குலதான் இருக்கா. கேட்டுப் பாக்கவா?"

சித்தப்பாவோடு வேலை பார்த்தவரை எனக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது. மருமகளை நான் பார்த்ததே இல்லை. ஆனால் சித்தப்பா அவரிடம் போய் 'சேஃப்டி ஸ்டாக்' என்று சொல்லப்போவதில்லை. 'மருந்து வீணாகாம பாத்துக்கிற பொண்ணு' என்று சொல்வார், அது அங்கே போய்ச் சேரும். பர்சனல் பிராண்டிங் என்று பெரிதாகப் பேசுகிறார்களே, நான் இல்லாத இடத்தில் என்னைப் பற்றி ஒருவர் ஒரே மூச்சில் என்ன சொல்வார் என்பதைத் தாண்டி அதில் பெரிதாக ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பிப்ரவரி 10

மனிதர்களும் பிராண்ட் என்ற பேச்சைப் பரவலாக்கியது டாம் பீட்டர்ஸ் 1997 ஆகஸ்ட்டில் ஃபாஸ்ட் கம்பெனி இதழில் எழுதிய கட்டுரை. அந்தச் சொல்லோடு எனக்கு ஒட்டுதல் இல்லை. சோப்புக்கு மேலுறை மாற்றினால் விலை ஏறும், ஆளுக்கு அப்படியில்லை. ஆனால் லிங்க்ட்இன் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே இருந்த வரியைப் படித்தபோது மேலுறை மட்டுமாவது சரியாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

பழைய வரி: 'அனுபவமிக்க தொழில்முறையாளர் | கடின உழைப்பாளி | புதிய வாய்ப்புகளைத் தேடுகிறார்.'

இதை யார் பெயருக்குக் கீழே ஒட்டினாலும் பொருந்தும். பேருந்து ஓட்டுநருக்கும் பொருந்தும், பல் மருத்துவருக்கும் பொருந்தும்.

புதிய வரி: 'மருந்துக் கிடங்குகளுக்கு இருப்புத் திட்டமிடல் | காலாவதி இழப்பைக் குறைத்தல் | எக்செல், எஸ்ஏபி.'

220 எழுத்துகள் வரை இடம் தருகிறார்கள். ஆனால் தேடலில் வரும்போதும் யாருக்காவது கருத்து எழுதும்போதும் முன்பகுதிதான் தெரியும், மிச்சம் வெட்டுப்பட்டுப் போகும். அதனால் துறையை முதலிலேயே வைத்துவிட்டேன். ஆட்களைத் தேடுகிறவர்கள் 'கடின உழைப்பாளி' என்று தேடுவதில்லை. 'எஸ்ஏபி' என்று மென்பொருளின் பெயரைப் போட்டுத் தேடுவார்கள்.

பிப்ரவரி 11

லிங்க்ட்இனில் படத்தைச் சுற்றி, வேலை தேடுகிறேன் என்று காட்டும் பச்சை வளையம் போடலாமா என்று பழைய சக ஊழியர் கேட்டார். அவர் இன்னும் வேலையில் இருக்கிறார். போடாதீர்கள் என்றேன். ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி ஒரு அமைப்பு இருக்கிறது. ஆனால் இப்போதைய நிறுவனத்தின் கண்ணில் படவே படாது என்று அவர்களே உறுதி தருவதில்லை. நான் போட்டுக்கொண்டேன். எனக்கு மறைக்க யாரும் இல்லை.

பிப்ரவரி 14

தினமும் ஏதாவது பதிவிடுங்கள் என்கிறார்கள். தினமும் பதிவிடுகிறவர்களை நானே பார்க்காமல் தள்ளிவிடுகிறேன். அதற்குப் பதில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை முழுசாக எழுதினேன்.

கிடங்கில் முதலில் வந்ததை முதலில் அனுப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. மருந்துக்கு அது போதாது. ஜனவரியில் வந்த பெட்டியின் காலாவதி டிசம்பர். பிப்ரவரியில் வந்த பெட்டியின் காலாவதி செப்டம்பர். வந்த வரிசைப்படி அனுப்பினால் ஜனவரிப் பெட்டி முதலில் போகும், பிப்ரவரிப் பெட்டி அலமாரியின் பின்னால் கிடந்து தேதி முடிந்துபோகும். முதலில் காலாவதியாவதுதான் முதலில் வெளியேற வேண்டும். இதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். நடைமுறையில் தடுமாறுவது எங்கே என்றால், சரக்கு உள்ளே வரும் இடத்தில் காலாவதித் தேதியைத் தொகுதிவாரியாகப் பதிவு செய்யாமல் மொத்த எண்ணிக்கையை மட்டும் ஏற்றிவிடுவதில். அப்புறம் எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது. பதிவு இதைப் பற்றித்தான்.

பழைய நிறுவனத்தின் எண்கள் எதையும் போடவில்லை. கற்பனைப் பெட்டிகள்தான். வேலையை விட்டு வந்தாலும் அந்தத் தகவல் என்னுடையது ஆகிவிடாது. தவிர, பழைய இடத்தின் ரகசியத்தை எழுதுகிறவரைப் புது இடத்தில் யார் நம்புவார்கள்?

லைக் அதிகம் வரவில்லை. ஆனால் சண்டைக்கார சப்ளையர் கீழே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், நல்ல கேள்வி.

பிப்ரவரி 19

பட்டியலில் உள்ளவர்களுக்கு என்ன எழுதுவது என்று நிறைய யோசித்தேன். 'வேலை இருந்தால் சொல்லுங்கள்' என்று எழுதினால் பழைய பதில்தான் வரும். அவரிடம் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன். அவரிடம் கட்டாயம் இருப்பது அவர் வந்த வழி.

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைதான். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வறுமையில் வரும் இன்னொரு கலைஞனைப் பார்த்து, இன்ன வள்ளலிடம் போ என்கிறான். பள்ளியில் இதை வள்ளலின் புகழ்பாட்டாக மட்டுமே படித்தோம். இப்போது அவற்றில் ஒன்றான மலைபடுகடாத்தை எடுத்துப் பார்த்தால் அதில் பெரும்பகுதி வழிக்குறிப்பு: எந்த இடத்தில் கால் வழுக்கும், எங்கே கவனமாகப் போக வேண்டும், யார் வீட்டில் சோறு கிடைக்கும். வழி சொல்கிறவன் தன் பரிசிலில் பங்கு தரவில்லை, அவனிடம் யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

அதனால் தணிக்கை ஐயாவுக்கு இப்படி எழுதினேன்:

'வணக்கம் சார். மருந்துக் கிடங்கில் இருப்புத் தணிக்கைக்கு நீங்கள் வந்தபோது காலாவதிப் பட்டியல் எடுத்துத் தந்தவள் நான். அந்தப் பிரிவு இப்போது மூடப்பட்டுவிட்டது. குளிர்சாதனச் சரக்குத் துறைக்கு மாறலாமா என்று பார்க்கிறேன். நீங்கள் பல கிடங்குகளைப் பார்த்திருப்பீர்கள். என்னைப் போன்றவர்கள் அங்கே எதில் தடுமாறுகிறார்கள் என்று கேட்க வேண்டும். பதினைந்து நிமிடம் போதும், உங்களுக்கு எந்த நாள் வசதி?'

ரெஸ்யூமே இணைக்கவில்லை. இணைத்தால் கேள்வி வெறும் சாக்கு ஆகிவிடும்.

அன்றிரவே: "நாளைக்குக் காலைல கூப்பிடுங்கம்மா."

பிப்ரவரி 23

தணிக்கை சார் பேசியதில் பாதி அரட்டை. ஆனால் வைக்கும்முன் இரண்டு பேர் பெயர் சொன்னார். இன்று சித்தப்பா சொன்ன மருமகளிடம் பேசினேன். கேள்விகளைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். உங்கள் நாளில் அதிக நேரத்தைத் தின்பது எது? புதிதாக வருகிறவருக்குப் பிடிபட எது அதிக நாள் எடுக்கிறது? என்னிடம் இருப்பதில் எது அங்கே செல்லாக்காசு?

கடைசிக் கேள்விக்கு அவர் சிரித்துவிட்டு உண்மையைச் சொன்னார். குளிர்சாதனக் கிடங்கில் தேதி மட்டும் பார்த்தால் போதாது. வழியில் எத்தனை மணி நேரம் வெப்பநிலை தப்பியது என்ற பதிவும் பார்க்க வேண்டும். தேதி மிச்சம் இருக்கும்போதே சரக்கு செத்துப்போகலாம். என் ரெஸ்யூமேயில் வெப்பநிலை என்ற சொல்லே கிடையாது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய தடுப்பூசிகளைக் கையாண்ட அனுபவம் எனக்கு இருந்தும், அதை 'பலவகைச் சரக்குகள்' என்ற இரண்டு சொல்லுக்குள் புதைத்து வைத்திருந்தேன். எந்தப் பயிற்சி வகுப்பும் இதை எனக்குச் சொல்லியிருக்காது.

கேட்ட நேரம் முடிந்ததும் நானே "நேரமாயிடுச்சு, வெச்சிடறேன்" என்றேன். "பரவால்ல, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு" என்றார் அவர். வேறு யாரிடம் பேசலாம் என்பதை அந்த ஐந்து நிமிடத்தில்தான் கேட்டேன். சாயங்காலம் நன்றி சொல்லி நாலு வரி, கூடவே திருத்திய அந்த ஒரு வரியும்.

மார்ச் 1

வேறொரு இடத்தில் நேர்முகம் எல்லாம் முடித்து, 'இரண்டு நாளில் சொல்கிறோம்' என்றவர்கள் சத்தமே இல்லை. கேட்டு எழுதினாலும் பதில் இல்லை. முடியாது என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது?

மார்ச் 4

அந்த மருமகள் வேலை பார்க்கும் இடத்திலேயே ஒரு காலியிடம் வந்திருக்கிறது. இணையத்தில் பார்த்ததும் விண்ணப்பிக்கப் போனேன். நல்லவேளை, முதலில் அவரைக் கேட்டேன். "நீங்களே போட்டுடாதீங்க, நான் உள்ளேருந்து போடறேன்" என்றார். பல நிறுவனங்களில் ஊழியர் பரிந்துரைக்கு ஊக்கத்தொகை உண்டு. ஆனால் ஆள் ஏற்கெனவே நேரடியாக விண்ணப்பித்திருந்தால் அதைப் பரிந்துரையாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே பரிந்துரை கேட்பது பிச்சை கேட்பது போல என்று கூச்சப்படுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம். எதிரில் இருப்பவருக்கும் அதில் லாபம் இருக்கிறது. ஆனால் பரிந்துரையால் ரெஸ்யூமேயை ஒருவர் திறந்து பார்ப்பார், அவ்வளவுதான். அதற்குமேல் நம் பாடு.

இந்த ஏற்பாட்டில் நியாயமில்லாத பக்கமும் இருக்கிறது. எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார். குடும்பத்தில் முதல் ஆளாக அலுவலக வேலைக்கு வருகிறவருக்கு யார் இருக்கிறார்கள்? தெரிந்தவர் தெரிந்தவரையே கொண்டுவந்தால் உள்ளே எல்லோரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். '80 விழுக்காடு வேலைகள் விளம்பரத்துக்கே வருவதில்லை' என்று ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். எங்கே, எப்போது, யார் எண்ணியது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அப்படி மிரட்டினால் யாரையும் தெரியாதவர் விண்ணப்பிப்பதையே விட்டுவிடுவார்.

மார்ச் 12

இன்று முதல் சுற்று. தடுப்பூசி, வெப்பநிலைப் பதிவு, காலாவதி வரிசை, எல்லாம் கேட்டார்கள். பேட்டி எடுத்தவர் என் பதிவைப் படித்திருந்தார், சப்ளையரின் கேள்வியையும் சேர்த்து. அதற்கு நான் கொடுத்த பதிலில் ஓரிடத்தை ஏற்காமல் வாதாடினார். அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை, ஆனால் பேச்சு சுவாரசியமாகப் போனது. அடுத்த சுற்று வியாழக்கிழமை. பரிந்துரைத்தவருக்கு உடனே செய்தி அனுப்பினேன். முடிவு தெரிந்தபிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால் அவர் பாவம், இடையில் யாராவது கேட்டால் என்ன சொல்வார்?

ராத்திரி பழைய பிரிவின் ஜூனியர் பையன் கூப்பிட்டான். "அக்கா, எங்கேயாவது ஏதாவது இருக்கா?"

ஏதாவது இருந்தா சொல்றேன் என்பது வாய்வரை வந்தது. "நீ அங்க என்ன பண்ணேன்னு என் சித்தப்பாவுக்குப் புரியற மாதிரி ரெண்டு வரில எழுதி அனுப்புடா" என்றேன். அனுப்பியிருக்கிறான். முதல் வரி தேறும். இரண்டாவதில் மூன்று ஆங்கிலச் சுருக்கெழுத்துகள் இருக்கின்றன, நாளைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். சரியானதும் தணிக்கை சார் சொன்ன இரண்டு பேரில் ஒருவருக்கு எழுதலாம் என்றிருக்கிறேன்.