சும்மா கொடுத்ததற்கும் கணக்கு

"நண்பர் சும்மா கொடுத்த ஆட்டோவுக்கு எதுக்கு சார் வாடகை எழுதணும்?" என்றுதான் அந்தச் சுயேச்சை வேட்பாளர் ஆரம்பித்தார்.

அவருடைய தேர்தல் செலவுப் பதிவேட்டையும், செலவுக் கண்காணிப்புக்காக நாங்கள் தனியாக எழுதிவைக்கும் நிழல் பதிவேட்டையும் ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். இலவசமாக வந்தாலும் மாவட்ட விலைப்பட்டியல்படி வாடகையைச் சேர்க்க வேண்டும், அதுதான் விதி என்றேன். சரி என்று எழுதிக்கொண்டார். அப்புறம் ஒரு ரசீதை நீட்டினார். வாக்காளர் பட்டியல் நகலுக்குப் பணம் கட்டியது.

"இந்தச் செலவு கட்சி வேட்பாளருங்க கணக்குல இருக்குமா சார்?"

இருக்காது. முந்தைய தேர்தல்களில் போதிய ஓட்டோ இடமோ வாங்கித் தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற கட்சிகளின் வேட்பாளர்களுக்கு அதை அரசே இலவசமாகக் கொடுக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் அதற்கென்றே 78ஏ பிரிவு இருக்கிறது. சொன்னேன்.

"அதுவும் சும்மா கொடுத்ததுதானே? ஆட்டோவுக்குப் போட்ட மாதிரி விலை போட்டு அவங்க கணக்குல எழுதுவீங்களா?"

"அது அரசு கொடுக்கிறது, இது வேற" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் சொன்னது சட்டப்படி சரிதான். விதியை மாற்றுவது என் வேலையும் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. காரணம், தேர்தல் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று வாதாடுகிறவன் நான். தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம் ரூபாய் உச்சவரம்பு. கட்சி தன் பெயரில் செய்யும் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது. இந்த நிலையில் நாங்கள் டீக்கும் நாற்காலிக்கும் கணக்கு எழுதி என்ன ஆகப்போகிறது? அரசுப் பணம் வந்தால் கொடையாளியின் பிடி தளரும் என்று இன்றும் நம்புகிறேன்.

ஆனால் யாருக்கு வரும்? 1998-இல் இந்திரஜித் குப்தா குழு அரசு நிதியைப் பரிந்துரைத்தபோது, பணமாக வேண்டாம், பொருளாகவும் வசதியாகவும் கொடுக்கலாம் என்றது. அதுவும் அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு மட்டும். சுயேச்சைகளுக்கு இல்லை. தூர்தர்ஷனிலும் வானொலியிலும் இலவசப் பிரச்சார நேரம் இன்றைக்கும் அப்படித்தான் போகிறது. ஏற்கெனவே ஓட்டு வாங்கியவருக்கு மேலும் கைகொடுக்கிறோம். புதிதாக வருகிறவர் பட்டியலுக்கும் காசு கட்டுகிறார்.

அதற்காக எல்லோருக்கும் கொடுத்துவிட முடியுமா? 1996-இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள், வாக்குச்சீட்டு புத்தகமாகவே ஆனது. ஒவ்வொருவருக்கும் பொதுப்பணம் என்றால் மக்கள் ஒப்புவார்களா? எங்கேயாவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். ஜெர்மனியில் நாடு தழுவிய தேர்தலில் 0.5 சதவீத ஓட்டு வாங்கினாலே கட்சிக்கு அரசு நிதி உண்டு. அங்கேயும் பணம் ஓட்டுக்குப் பிறகுதான் வருகிறது. முதல் தேர்தலைச் சொந்தக் காசில்தான் சந்திக்க வேண்டும்.

வாக்காளர் பட்டியலை மட்டுமாவது நிற்கிற எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. அதில் பெரிய செலவில்லை. அதைத் தாண்டி வாகனம், நோட்டீஸ், மேடை என்று யோசிக்கும்போது மறுபடியும் மொடக்குறிச்சியில் வந்து நிற்கிறேன்.