ஓடந்துறையில் இல்லாத காற்றாலை

வருஷத்துக்கு ஒரு தடவையாவது வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வந்துவிடும். சொந்தமாகக் கரன்ட் தயாரிக்கும் தமிழ்க் கிராமம், அங்கே யாருக்கும் கரன்ட் பில்லே கிடையாது என்று. கூடவே பச்சை வயலுக்கு நடுவே ஒரு காற்றாலைப் படம். ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் கோவையில் ஒரு கல்யாணம். மறுநாள் ராத்திரிதான் திருச்சிக்கு ரயில். ஒரு பகல் முழுக்கக் கையில் இருக்கவே, போய்ப் பார்த்துவிடலாம் என்று விடிகாலையில் மேட்டுப்பாளையம் பஸ் ஏறினேன்.

ஓடந்துறை ஊட்டி மலையின் காலடியில் இருக்கிறது. பாக்குத் தோப்பு, வாழை, பக்கத்தில் பவானி. அண்ணாந்து பார்த்தால் நீலகிரி சுவர் மாதிரி நிற்கிறது. எந்தத் திசையில் திரும்பினாலும் காற்றாலையை மட்டும் காணோம். டீக்கடையில் கேட்டேன்.

"அண்ணே, இங்க பஞ்சாயத்துக் காற்றாலை எந்தப் பக்கம்?"

"காத்தாடிங்களா? அது இங்க இல்லீங்க. மைவாடில இருக்குது."

"மைவாடின்னா?"

"உடுமலைக்கு அந்தாண்ட போகணுங்க. உங்களாட்ட நெறையப் பேரு வந்து கேக்கறாங்க" என்று சிரித்தார்.

உடுமலை அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். டீயைக் கொஞ்சம் மெதுவாகவே குடித்தேன்.

யோசித்தால் விஷயம் சரிதான். மலை மறைக்கிற இடத்தில் காற்றாலையை நட்டு என்ன பிரயோஜனம்? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம்தான் போட்டுத் தாக்கும். 2006-ல் ஓடந்துறைப் பஞ்சாயத்து 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியபோது, காற்று இருக்கிற மைவாடியிலேயே அது நின்றது. அப்போது உடுமலையும் கோவை மாவட்டம்தான், திருப்பூர் மாவட்டம் பிறந்தது 2009-ல்.

விலை 1.55 கோடி. பஞ்சாயத்தின் சேமிப்பு 40 லட்சம், மீதி 1.15 கோடி வங்கிக் கடன். ஒரு கிராமப் பஞ்சாயத்து வங்கிப் படியேறி கோடியில் கடன் கேட்டதை நினைத்துப் பாருங்கள். வசூலாகும் வீட்டு வரியையும் தண்ணீர் வரியையும் வைத்தா கட்ட முடியும்? காற்றாலை சம்பாதிப்பதை வைத்தே கட்டிவிடலாம் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டவர் 1996-லிருந்து பத்து வருஷம் தலைவராக இருந்த ஆர். சண்முகம். வீடுகளுக்குக் குடிநீர் கொடுத்து, தெருவிளக்கும் போட்டதில் பஞ்சாயத்தின் மின்கட்டணம் எகிறிக்கொண்டே போயிருக்கிறது. ஊருக்கு நல்லது செய்யச் செய்ய பில் ஏறுகிற வினோதம். 2003-ல் மரக்கழிவை எரித்து அந்த வாயுவில் ஓடும் 9 கிலோவாட் இயந்திரம் ஒன்றை வைத்துத் தண்ணீர் இறைத்துப் பார்த்தார்கள். அதற்கு அடுத்ததுதான் காற்றாலை.

கரன்ட் பில்லே கிடையாதாமே என்றேன். டீக்கடைக்காரர் முகம் மாறியது.

"யாருங்க சொன்னது? எங்க வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கொருக்கா வருதுங்களே!"

செய்தியை அனுப்புகிறவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான். மைவாடியில் விளையும் மின்சாரம் மின்வாரியத்தின் கம்பியில் கலந்துவிடுகிறது, ஓடந்துறைக்குக் கணக்கில்தான் வந்து சேர்கிறது. வருஷத்துக்கு ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட் கிடைக்கும் என்றும், தண்ணீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் 4.5 லட்சம் போக மிச்சம் வாரியத்துக்கு விற்பனை என்றும் சொல்வார்கள். அதில் லட்சக்கணக்கில் வருமானம். வீட்டுக்காரர்கள் எல்லா ஊரையும்போல வாரியத்தின் வாடிக்கையாளர்கள்தான். இதனால் ஓடந்துறையின் பெருமை குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. குழாயில் தண்ணீர் வருவதற்கும் தெருவில் வெளிச்சம் இருப்பதற்கும் சொந்தமாக ஒரு சம்பாத்தியத்தை உண்டாக்கிக்கொண்ட பஞ்சாயத்து எத்தனை இருக்கிறது?

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. 1969 வாக்கில் இந்தியாவில் கிராம மின் கூட்டுறவுச் சங்கங்களைச் சோதனையாகத் தொடங்கினார்கள். தெலங்கானாவின் சிர்சில்லாவும் கர்நாடகத்தின் ஹுக்கேரியும் அப்படிப் பிறந்து இன்றும் நடப்பவை. உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு இயக்குநர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். கம்பம், கம்பி, மீட்டர் எல்லாம் சங்கத்துடையது, மின்சாரம் மட்டும் வெளியே மொத்தமாக வாங்குவது. ஓடந்துறையில் அப்படியே தலைகீழ்: மின்சாரம் ஊருடையது, ஊருக்குள் ஒரு அடிக் கம்பிகூட அதற்குச் சொந்தமில்லை. கம்பி கையில் இருந்தால் எந்தத் தெருவில் மின்வெட்டு என்பதைப் பேசித் தீர்க்கலாம். காற்றாலை மட்டும் இருந்தால் வாரியம் எப்போது பணம் தரும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எதை முதலில் பிடிப்பது என்று என்னைக் கேட்டால், எனக்குக் கம்பி மேல்தான் ஆசை. ஆனால் கம்பிக்கு லைன்மேன் சம்பளம் கொடுக்க வேண்டும், காற்றாலைக்கு அது கிடையாது.

விட மனசில்லை. கோவை வந்து, உக்கடத்தில் பழனி பஸ்ஸைப் பிடித்து, உடுமலையில் இறங்கி, டவுன் பஸ்ஸில் மைவாடிப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது மதியம் மூன்று தாண்டிவிட்டது. இறங்கியதும் காற்று சட்டையைப் பிடித்து உலுக்கியது. அம்மியை நகர்த்த ஆடி பிறக்கும்வரை காத்திருக்காது போல. காற்றாலையைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. சாலையின் இரண்டு பக்கமும், தென்னைக்கு மேலே, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காற்றாலைதான். இதில் நம்முடையது எது?

நிழலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருந்த ஒரு காவலாளியிடம் போனேன்.

"ஓடந்துறைப் பஞ்சாயத்துக் காத்தாடி எதுங்க?"

"எஸ்.சி. நம்பர் இருக்குதுங்களா?"

ஒவ்வொன்றின் அடித்தண்டிலும் இணைப்பு எண் எழுதியிருக்கிறது, அதைச் சொன்னால் காட்டுவாராம். அதை விசாரித்துக்கொண்டு வரவேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? "சின்ன மெஷினுங்க, 350 கிலோவாட்" என்றேன். இப்போது வருகிற ராட்சத மெஷின்கள் 2,000 கிலோவாட்டைத் தாண்டுகின்றன, அதனால் பழசு கண்ணுக்குத் தனியாகத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. அவர் கிழக்கே குட்டையாக நின்ற ஒன்றைக் காட்டினார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா, "அதில்லீங்க, பஞ்சாயத்துதுன்னு சொன்னது அந்தா அது" என்று எதிர்ப்பக்கம் கை நீட்டினார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். நான் இரண்டையும் போட்டோ எடுத்துக்கொண்டேன். ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது, இன்னொன்று நின்றிருந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் தீர்ப்பைக் கேட்காமலே பஸ் ஏறினேன்.