வெனிஸா, புளோரன்ஸா: ஓர் இலையுதிர்கால நாட்குறிப்பு

2025 செப்டெம்பர் 1

மகளின் பாடசாலைக்கு ஒக்டோபர் 6 முதல் 18 வரை இலையுதிர்கால விடுமுறை. அதில் ஐந்து இரவுகளை இத்தாலியில் கழிப்பதென்று கோடையிலேயே பேசி வைத்திருந்தோம். எந்த நகரம் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. சூரிச்சிலிருந்து மூன்றரை மணித்தியாலத்துக்குள் மிலான் வந்துவிடும். அங்கே தொடருந்து மாறிக் கிழக்கே போனால் வெனிஸ், தெற்கே போனால் புளோரன்ஸ், இரண்டுமே மேலும் இரண்டரை மணித்தியாலத்துக்குள் அடங்கும் தூரம். அவ்விரு நகரங்களுக்கும் இடையே விரைவுத் தொடருந்தில் இரண்டேகால் மணி நேரம் போதும் என்பதால், இரண்டையும் பார்த்துவிடலாமே என்று இவர் சொன்னார். எழுபத்திரண்டு வயது அம்மாவையும் அழைத்துக்கொண்டு, பாதிப் பயணத்தில் பெட்டிகளை மறுபடி கட்டி அவிழ்ப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டும்.

செப்டெம்பர் 4

என் விருப்பம் புளோரன்ஸ் என்பதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். இம்மாதம் 26ஆம் திகதி அங்கே பலாட்சோ ஸ்ட்ரோட்சி மாளிகையிலும் சன் மார்க்கோ அருங்காட்சியகத்திலும் துறவியும் ஓவியருமான ஃப்ரா ஆஞ்சலிகோவின் ஓவியங்களுக்கான பெருங்கண்காட்சி தொடங்குகிறது. 1955இற்குப் பிறகு, எழுபது ஆண்டுகள் கழித்து, அவருடைய சொந்த நகரம் அவருக்காக நடத்தும் பெரிய கண்காட்சி இது. பல நாடுகளுக்குச் சிதறிப்போன சன் மார்க்கோ பீட ஓவியத்தின் துண்டுகளை மீண்டும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கிறார்கள் என்பதை வாசித்தபோது, எந்த நகரம் என்ற கேள்விக்கே இடமில்லை என்று நினைத்தேன்.

சன் மார்க்கோ ஒரு காலத்தில் டொமினிக்கன் துறவிகளின் மடமாக இருந்தது. 1440ஆம் ஆண்டை ஒட்டி, அங்கே வாழ்ந்த ஃப்ரா ஆஞ்சலிகோவே தம் தோழர்களின் அறைகள்தோறும் ஈரச் சுண்ணச் சுவரில் ஓவியம் தீட்டினார். ஓர் அறை, ஒரு சிறு சாளரம், ஒரு ஓவியம், அவ்வளவுதான். மாடிப்படியில் ஏறித் திரும்பியதும், கபிரியேல் தூதன் மரியாளுக்கு நற்செய்தி சொல்லும் காட்சி எதிர்ச்சுவரில் நிற்கும். படத்தில் மட்டுமே நான் பார்த்த ஓவியம் அது. அந்தக் கடைசிப் படியில் ஒரு நாளாவது நிற்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

செப்டெம்பர் 7

இன்று அம்மா எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏறியதைக் கவனித்துப் பார்த்தேன். வலக்காலை முதலில் வைத்து, சுவரில் கை ஊன்றி, இடக்காலையும் அதே படிக்குக் கொண்டுவந்து, ஒரு மூச்சு விட்டுத்தான் அடுத்த படிக்குப் போகிறார். பதினாறு படிகளுக்கு நடுவில் இரண்டு முறை நின்றார். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்.

புளோரன்ஸ் சமதரை, அதனால் அதுவே அம்மாவுக்கு ஏற்றது என்று எல்லாரும் சொல்கிறார்கள். பேராலயத்தின் மேல் புரூனெல்லெஸ்கி கட்டிய குவிமாடத்துக்கு 463 படிகள், மின்தூக்கி கிடையாது, அதை விட்டுவிடலாம். ஆனால் அந்த நகரத்தின் பழைய பகுதியைக் கால்நடையாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. தொடருந்து நிலையத்திலிருந்து பேராலயம், அங்கிருந்து சன் மார்க்கோ, பிறகு ஆர்னோ ஆற்றங்கரை என்று கல் பாவிய தெருக்களிலேயே ஒரு நாளில் பல கிலோமீற்றர் நடையாகிவிடும். உஃபீட்சி ஓவியக்கூடத்திலும், 5.17 மீற்றர் உயர டேவிட் சிலை நிற்கும் அகடேமியா கலைக்கூடத்திலும், முன்பதிவு செய்திருந்தாலும் உள்ளே போன பிறகு நின்றபடியேதான் பார்க்க வேண்டும். அம்மாவின் முழங்காலுக்குப் படிகள் மட்டுமல்ல, நிற்பதும் பகை.

செப்டெம்பர் 11

வெனிஸைப் பற்றி முறையாகப் படிக்கத் தொடங்கினேன். நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றுக்கு இருபுறமும் படிகள். ஒக்டோபர் பிற்பகுதியில் நடக்கும் மாரத்தான் ஓட்டத்துக்காக ஸத்தெரே கரையோரப் பாலங்களின் படிகள்மேல் சரிவுப் பலகைகள் போடுகிறார்களாம். நாங்கள் போவது அதற்கு முன்பு. படிகளை மட்டும் எண்ணினால் வெனிஸை இப்பொழுதே கைவிட வேண்டியதுதான்.

ஆனால் அங்கே தெருவென்பது தண்ணீர். வபொரெத்தோ என்ற நீர்ப்பேருந்தில் அமர்ந்தபடியே நகரத்தின் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். முதலாம் இலக்கப் படகு பெருங்கால்வாய் நெடுகிலும் ஒவ்வொரு நிறுத்தமாக நின்று போகிறது. 75 நிமிடப் பயணச்சீட்டு 9.50 யூரோ, ஏழு நாள் சீட்டு 65 யூரோ. நாளுக்கு மூன்று முறை ஏறி இறங்கினாலே இரண்டாவதுதான் மலிவு. நிறுத்தத்துக்கும் தங்குமிடத்துக்கும் நடுவில் பாலம் இல்லாமல் பார்த்துக்கொண்டால், புளோரன்ஸைவிட அம்மா இங்கே குறைவாக நடப்பார் என்று எனக்கு முதன்முறையாகத் தோன்றியது.

செப்டெம்பர் 14

இலையுதிர்காலம் என்பதால் வெள்ளத்தைப் பற்றி இவர் கேட்டார். நியாயமான கேள்வி. 1966 நவம்பர் 4ஆம் திகதி இவ்விரு நகரங்களையும் ஒரே நாளில் வெள்ளம் மூடியது. புளோரன்ஸில் ஆர்னோ கரைபுரண்டு, சாந்தா குரோச்சேயில் இருந்த சீமாபூயேயின் சிலுவை ஓவியத்தின் வண்ணத்தைப் பெருமளவு உரித்துக்கொண்டு போனது. தேசிய நூலகத்தின் புத்தகங்களைச் சேற்றிலிருந்து வெளியே எடுப்பதற்கு எங்கெங்கிருந்தோ இளைஞர்கள் வந்தார்கள். அவர்களை அந்நகரத்தார் இன்றைக்கும் ‘சேற்றுத் தேவதைகள்’ என்கிறார்கள். அதே நாளில் வெனிஸில் கடல் 194 சென்ரிமீற்றருக்கு உயர்ந்தது. 2019 நவம்பரில் மறுபடியும் 187.

இந்த அளவுகளைத் தெருவில் நிற்கும் தண்ணீரின் ஆழம் என்று நானும் இதுவரை நினைத்திருந்தேன். அப்படியல்ல. 1897ஆம் ஆண்டில் குறித்த ஒரு கடல்மட்டத்திலிருந்துதான் அவற்றைக் கணக்கிடுகிறார்கள். 110 சென்ரிமீற்றரில் நகரத்தின் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் நனைகிறது. 2020 ஒக்டோபர் 3ஆம் திகதி முதல், பெரிய உயரலை வருமென்று கணிக்கும் நாட்களில் ‘மோசே’ தடுப்பு எழுகிறது. கடற்காயலின் மூன்று வாயில்களிலும் அடித்தளத்தில் படுத்திருக்கும் 78 இரும்புக் கதவுகளுக்குள் காற்றைச் செலுத்தித் தண்ணீரை வெளியேற்றினால், அவை மிதந்தெழுந்து கடலை மறிக்கின்றன. வெனிஸிலும் ஒரு சன் மார்க்கோ உண்டு; தாழ்வான அந்தச் சதுக்கம் சிறிய அலைக்கும் நனையும். அங்குள்ள பேராலயத்தைச் சுற்றி 2022இல் கண்ணாடித் தடுப்பு வைத்திருக்கிறார்கள். பெரிய அலைகள் வழமையாக நவம்பரில்தான் வருவதால், ஒக்டோபர் முற்பகுதியை நினைத்து நான் அஞ்சவில்லை.

செப்டெம்பர் 16

மகள் அம்மம்மாவிடம் நேரடியாகவே கேட்டுவிட்டாள். அம்மா சிறிது யோசித்து, “படகில் போகலாம் என்றால் படகிலேயே போவோம்” என்றார்.

அம்மா புங்குடுதீவில் பிறந்தவர். குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் படகேறிய கதைகளை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். இன்றும் கேட்டோம். படகு உயரும் நேரம் பார்த்துக் காலை வைக்க வேண்டும், தாழும்போது வைக்கக்கூடாது என்று பேத்திக்குச் சமையலறைத் தரையில் நின்று காட்டினார். அந்த ஒரு நிமிடம் அவர் சுவரைப் பிடிக்கவில்லை.

செப்டெம்பர் 19

ஒரு தவறு நேர்ந்துவிட்டது. நீர்ப்பேருந்து நிறுத்தத்திலிருந்து 200 மீற்றர் என்ற விளம்பரத்தை நம்பி ஒரு வீட்டுக்கு முற்பணம் கட்டியிருந்தேன். இன்று வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அந்த 200 மீற்றருக்குள் இரண்டு பாலங்கள். உரிமையாளரிடம் கேட்டதற்கு, அவை சிறிய பாலங்கள்தாம் என்று பதில் வந்தது. முற்பணத்தில் பாதி போய்விட்டது. இனிமேல் மீற்றரைக் கேட்கப் போவதில்லை, பாலத்தைத்தான் கேட்பேன். மாலையில் ஸத்தெரே நிறுத்தத்துக்கு அருகிலேயே, இடையில் பாலமில்லாமல், தரைத்தளத்தில் இரண்டு அறைகள் கிடைத்தன. விலை கூடுதல், தயங்காமல் எடுத்துவிட்டேன்.

பகல் பயணிகளிடம் வெனிஸ் வாங்கும் நுழைவுக் கட்டணம் இவ்வாண்டு ஜூலையோடு முடிந்துவிட்டது. இரவு தங்குபவர்களுக்கு அது எப்படியும் இல்லை. தங்கும் வரி மட்டும் உண்டு.

செப்டெம்பர் 23

பார்க்க வேண்டியவற்றைக் குறைத்துக்கொண்டே வருகிறேன். ஃபிராரி ஆலயத்தில் ஓவியர் டிஷன் 1518இல் முடித்த மரியாளின் விண்ணேற்பு ஓவியம், எந்தப் பீடத்துக்காக வரையப்பட்டதோ அதே பீடத்தில் இன்றும் இருக்கிறது. எதிரே அமர்ந்து பார்க்கலாம். அருகிலேயே சன் ரோக்கோ மண்டபத்தில் தின்தொரெத்தோவின் கூரை ஓவியங்களைப் பார்க்கக் கையில் முகம் பார்க்கும் கண்ணாடி கொடுக்கிறார்கள்; அம்மா கழுத்தை நிமிர்த்தத் தேவையில்லை. சலூத்தே ஆலயம், 1630இல் கொள்ளைநோய் நகரத்தை அழித்துக்கொண்டிருந்தபோது வைத்த நேர்த்திக்கடன். அதற்கு முன்னால் அகன்ற படிக்கட்டு இருக்கிறது. அம்மாவால் முடியாவிட்டால் படகிலிருந்தே கும்பிடுவார்.

இந்தப் பருவத்தில் காயல் நண்டுகள் ஓடு கழற்றும். அந்த மென்னண்டை ‘மொயெகே’ என்று முழுதாகவே பொரித்துத் தருகிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். ஓடில்லாத நண்டில் என்ன ருசி இருக்கப்போகிறது என்று கேட்டாலும், எந்தக் கடையில் என்று உடனே விசாரித்தார்.

செப்டெம்பர் 26

இன்று புளோரன்ஸில் கண்காட்சி தொடங்குகிறது. வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் அது 2026 ஜனவரி 25 வரை திறந்திருக்கும். குளிர்காலத்தில் ஒரு வார இறுதிக்கு நான் தனியாகப் போய்வரலாம் என்று இவரே சொன்னார். அம்மாவின் முழங்கால் அடுத்த இலையுதிர்காலம் வரை இப்படியே இருக்கும் என்று என்னால் எண்ண முடியவில்லை.

ஒக்டோபர் 3

தொடருந்துச் சீட்டுகள், காப்புறுதி அட்டை, அம்மாவின் மாத்திரைகள், முழங்கால் பட்டி எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. வெனிஸ் மாநகராட்சி அலைமட்டக் கணிப்பைச் சில நாட்களுக்கு முன்னதாக வெளியிடுகிறது. அதைக் கைப்பேசியில் எப்படிப் பார்ப்பது என்று மகளுக்குக் காட்டிக்கொடுத்தேன். இனி அந்தப் பொறுப்பு அவளுடையது. படகுக்கும் துறைமேடைக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு இருக்கும் என்று அம்மா கேட்டார். படகுக்காரர் கயிற்றைச் சுற்றி இழுத்துக் கட்டி, படகு மேடையை ஒட்டிய பிறகுதான் கம்பிக் கதவைத் தள்ளித் திறப்பார் என்று சொன்னேன். அப்படியானால் முதலில் தானே ஏறுவதாகவும், பெட்டிகளை நாங்கள் பின்னால் கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.