மொழி என்ற கட்டத்தில் எழுதிய பெயர்

மழை வருகிறது என்று கப்பலின் பிரிட்ஜிலிருந்து வாக்கி டாக்கியில் சொன்னதும் ஹேட்ச்களை, அதாவது சரக்குக் கிடங்குகளின் மேல்மூடிகளை, மூடும்படி போசனிடம் சொன்னேன். கோதுமை இறங்கிக்கொண்டிருந்தது. போசன் என்றால் மேல்தள மாலுமிகளின் மேஸ்திரி. இவர் பிலிப்பைன்ஸின் செபு நகரத்துக்காரர், கடலிலேயே தலை நரைத்தவர். மூன்றாம் நம்பர் ஹேட்ச் அருகே நின்ற புதுப் பையனைப் பார்த்து "கரோன்!" என்று கத்திவிட்டு, நான்காம் நம்பரை நோக்கி ஓடினார். பையன் தலையாட்டினான். ஆனால் அசையவில்லை. கையிலிருந்த கயிற்றைப் பொறுமையாகச் சுருட்டிக்கொண்டிருந்தான். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் மூன்றாம் கிடங்கின் மேல்மட்டக் கோதுமை நனைந்துவிட்டது.

போசனின் மொழியில் கரோன் என்றால் இப்போது. பையன் பனாய் தீவின் இலோய்லோவைச் சேர்ந்தவன். அவன் பேசும் ஹிலிகாய்னோனில் கரோன் என்றால் அப்புறம், இன்றைக்குள் எப்போதாவது. இப்போது என்பதற்கு அவர்கள் சொல் சுபோங். முதல் பயணத்தில் வந்தவனுக்கு இது பிடிபடவில்லை.

போசனும் பையனும் திட்டு வாங்கினார்கள். தவறு என்னுடையது. கப்பலின் பணிமொழி ஆங்கிலம். "இரண்டு பேரும் பிசாயாதானே, அவங்க பாஷையிலேயே பேசிக்கட்டும், வேலை சீக்கிரம் நடக்கும்" என்று அந்த விதியைத் தளர்த்தியவன் சீஃப் ஆபீசரான நான். பிலிப்பைன்ஸின் நடுவிலுள்ள தீவுக்கூட்டத்துக்கு விசாயாஸ் என்று பெயர். பனாய், நீக்ரோஸ், செபு, போஹோல், லெய்ட்டே, சாமார் எல்லாம் அதில் அடக்கம். விசாயா, பிசாயா இரண்டும் ஒரே பெயர்தான். அங்கிருந்து வந்தவர்கள் எல்லாரும் ஒரே மொழிக்காரர்கள் என்று, பத்து வருடத்துக்கு மேல் அவர்களோடு சாப்பிட்டும் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு மெஸ் ரூமில் பையனிடம் கேட்டேன். "சீஃப், நான் பிசாயா இல்லை, இலோங்கோ. பிசாயா அவங்க" என்று போசன் பக்கம் கை காட்டினான். ஹிலிகாய்னோன் பேசுபவர்களுக்கு இலோங்கோ என்று பெயர். போசன் சிரித்துக்கொண்டே, "என் மொழியைச் செபுவானோ என்றாலும் சரி, பிசாயா என்றாலும் சரி" என்றார். போஹோலிலிருந்து வந்த ஆயிலர், எஞ்சின் ரூம் ஊழியர், உடனே குறுக்கிட்டார். அவர் பேசுவதும் போசன் பேசுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். போசன் 'மாயோ' என்று முடிப்பதை இவர் 'மாஜோ' என்பார். "ஆனால் செபுவானோ என்று எழுதாதீங்க. செபு என் ஊர் இல்லை. என் மொழி பிசாயா." சமையல்காரர் சாமார் தீவைச் சேர்ந்தவர், வாராய் பேசுபவர். மற்ற மூவருக்கும் அவர் பேச்சு பாதிதான் புரியும். அவர் சொன்னதுதான் எனக்குப் பெரிய வியப்பு: "என் பாட்டி வாராய் என்ற சொல்லையே சொல்ல மாட்டாள். நம்ம பேச்சு பினிசாயா என்பாள்." வாராய் என்றால் 'இல்லை' என்று பொருள். தன் மொழியை 'இல்லை' என்று அழைக்க எந்தப் பாட்டிக்கு மனம் வரும்?

இந்தச் சமையல்காரர் துறைமுகச் சந்தைகளில் 'மனோக் பிசாயா' கிடைக்குமா என்று தேடுவார். மனோக் என்றால் கோழி. பிராய்லர் இல்லாத, முற்றத்தில் மேய்ந்து வளர்ந்த கோழி. நாம் நாட்டுக்கோழி என்கிறோமே, அதேதான். அந்த ஒரு சொல்லில் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. பிசாயா என்பது பல வாய்களில் 'நம்முடையது', 'நாட்டுடையது' என்ற பொருளில் புழங்குகிறது. அதனால்தான் ஒன்றுக்கொன்று புரியாத மொழிக்காரர்களும் தங்கள் பேச்சை அதே பெயரால் அழைக்க முடிகிறது.

எதிர்ப்பக்கமிருந்தும் அதே பெயர் வருகிறது. பனாயின் பூர்வகுடிகளான ஆத்தி மக்கள், தங்களைச் சேராத சமவெளிக்காரர்களைப் பிசாயா என்கிறார்கள். பிலிப்பைன்ஸின் தெற்கிலுள்ள மிண்டனாவோ தீவின் மலைக்குடிகளுக்கு அது குடியேற வந்த கிறிஸ்தவர்களின் பெயர். மணிலாவில் அதையே வசையாக்குகிறார்கள். டிவி நாடகத்தில் வீட்டு வேலைக்காரி வந்தால் 'இ'யும் 'எ'யும் மாறி ஒலிக்கும் பிசாயா உச்சரிப்பு அவளுக்கு. பார்ப்பவர்கள் சிரிக்க வேண்டும். எங்கள் கப்பலிலும் மணிலாக்காரர் ஒருவர் அந்தப் பையனின் பேச்சை அப்படிப் பழித்துக் காட்டியபோது நான் கடுமையாகத் தடுத்தேன். இதை வலியோடு சொல்கிறேன். அந்த வசைக்குப் பதில்போல, 'பிஸ்டாக்' என்று எழுதிய பனியனை ஆயிலர் பெருமையாக அணிவார். 'பிசாயாங் டாகோ' என்பதன் சுருக்கம், பெரிய பிசாயாக்காரன் என்று பொருள்.

பெயரின் மூலத்தைத் தேடியபோது தமிழனான எனக்கு ஒரு மயக்கம் ஏற்பட்டது. விசாயா என்பது ஸ்ரீவிஜயத்திலிருந்து வந்தது என்று ஒரு பழைய கருத்து உண்டு. முதலாம் ராஜேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடல் படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தி அந்த நாட்டை 'நிறைசீர் விசயம்' என்கிறது. ராஜராஜன் காலத்து ஆனைமங்கலம் கொடையைச் சொல்லும் லெய்டன் செப்பேட்டின் வடமொழிப் பகுதியோ அந்த நாட்டின் அரசனை ஸ்ரீவிஷயத்தின் தலைவன் என்கிறது. விஷயம் என்றால் நாடு, ஆட்சிப்பகுதி. விஜயம், விசயம், விஷயம், விசாயா. நள்ளிரவு வாட்ச்சில் இந்த நான்கையும் வரிசையாக முணுமுணுத்தபோது எனக்குப் புல்லரித்தது. செபுவைச் சோழ இளவரசன் நிறுவினான் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைக்கூட அன்றைக்கு நம்பியிருப்பேன்.

நிதானமாகப் பார்த்தால் அந்தச் சங்கிலி நிற்கவில்லை. 'ஜ'வைச் 'ச'வாக்குவது தமிழின் வழக்கம். தமிழ் கல்வெட்டில் விசயம் என்று இருப்பதால் அந்தத் தீவுகளின் வாயிலும் அப்படித் திரிந்தது என்று சொல்லிவிட முடியாது. சுமத்ராவின் பாலெம்பாங்கை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயம் விசாயாஸ் தீவுகளை ஆண்டதற்குக் கல்வெட்டுச் சான்றும் கிடையாது. போர்னியோவிலிருந்து பத்து தலைவர்கள் பனாய்க்கு வந்து ஆத்தி மன்னனிடம் நிலம் வாங்கியதாகச் சொல்லும் மராக்தாஸ் என்ற நூலின் கதையும் இதே வழியில் இழுக்கப்படுகிறது. 1907இல் அச்சான அந்த நூல் ஸ்பானியர் வருமுன் எழுதப்பட்ட ஆவணம் அல்ல என்று வரலாற்றாசிரியர் வில்லியம் ஹென்றி ஸ்காட் 1968இல் காட்டினார். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனத்தின் சுவான்சோ கரையைக் கொள்ளையடித்த 'பிஷெயே' மக்களைப் பற்றி, 1225இல் எழுதிய சீன அதிகாரி ஜாவோ ருகுவா சொல்கிறார். இரும்பென்றால் உயிரை விடுவார்களாம். அவர்கள் பிசாயாக்களா, தைவான்காரர்களா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஸ்பானியர்களோ, உடல் முழுக்கப் பச்சை குத்தியிருந்த இந்தத் தீவினரைக் கண்டு 'பிந்தாதோஸ்', வண்ணம் தீட்டியவர்கள் என்றுதான் முதலில் அழைத்தார்கள். அந்தப் பெயர் பின்னால் உதிர்ந்தது; பிசாயா எல்லாத் தீவுக்கும் பரவியது.

போர்னியோ கரையோரத் தீவான லாபுவானில் நங்கூரமிட்டிருந்தபோது சரக்குப் படகில் வந்த ஒருவர் தன்னைப் பிசாயா என்றார். போர்னியோவில், சரவாக்கின் லிம்பாங்கிலும் சபாவிலும் அந்தப் பெயரில் ஒரு மக்கள் உண்டு. போசன் ஆசையாகப் பேசப் போனார். சில எண்கள் ஒத்துப்போயின, மற்றது ஒன்றும் புரியவில்லை. பெயர் ஒன்று, ஆனால் அவர் மொழி போர்னியோவின் டுசூன் வகையைச் சேர்ந்தது. இருவரும் கடைசியில் ஆங்கிலத்தில் பேசிவிட்டுச் சிகரெட் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்தக் குழப்பத்தை ஒரு அரசாங்கமே கணக்கில் காட்டியிருக்கிறது. பிலிப்பைன்ஸின் 2020 கணக்கெடுப்பில் வீட்டில் பேசும் மொழி எது என்ற கேள்விக்கு 16.0 சதவீதக் குடும்பங்கள் பிசாயா என்றும், 6.5 சதவீதம் செபுவானோ என்றும் சொல்லின. பெரும்பாலும் ஒரே மொழிதான். இரண்டாகவே அச்சிட்டார்கள். அது சரியென்றே எனக்குப் படுகிறது. கூட்டிக்கொள்வதை ஆய்வாளர் பிறகு செய்யலாம். சொன்னவர் வாய்ச்சொல்லை அழித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

அதற்கப்புறம் புதிதாக ஏறுபவர்களிடம் நானே உட்கார்ந்து கேட்கிறேன். வேலை உத்தரவு ஆங்கிலத்தில்தான். அதில் இப்போது தளர்வு இல்லை. ஆனால் அடிபட்டால், பயந்தால், எந்த மொழியில் பேசினால் உங்களுக்குப் புரியும், இந்தக் கப்பலில் யார் அதைப் பேசுவார்கள் என்று என் நோட்டில் குறித்துக்கொள்கிறேன்.

போன பயணத்தில் பிலிப்பைன்ஸின் தென்கோடித் தீவுகளான சூலுவிலிருந்து தவுசூக் இனத்து இளைஞர் ஒருவர் வந்தார். தவுசூக் மொழி விசாயா கிளையில்தான் வருகிறது, மிண்டனாவோவின் சூரிகாவோ, பூத்துவான் பேச்சுகளுக்கு நெருக்கம் என்று படித்திருந்தேன். அந்த உற்சாகத்தில், "அப்படியானால் நீங்களும் பிசாயாதானே?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் மாறியது. "இல்லை சார். எங்க ஊரில் பிசாயா என்றால் கிறிஸ்தவர்கள். நான் தவுசூக். நீரோட்டத்தின் மக்கள்." நான் பேனாவை அவரிடமே கொடுத்தேன். மொழி என்ற கட்டத்தில் 'பஹாசா சூக்' என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டுத் தந்தார்.