நட்டு போல்ட் இல்லை, இடி

மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்த புதிதில் எனக்கு ‘போல்ட்’ என்றால் நட்டு போல்ட்தான். அப்பாவுக்கு லேத் பட்டறை. ஒரு மாதிரித் தேர்வில் ‘எ போல்ட் ஃப்ரம் த ப்ளூ’வுக்குப் பொருள் கேட்டிருந்தார்கள். ‘எப்போதாவது நடப்பது’ என்ற விடையைத் தட்டினேன். முந்தின நாள் படித்த ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ மண்டையில் உட்கார்ந்திருந்தது. ப்ளூவைப் பார்த்ததும் கை அங்கே போய்விட்டது. கிடைக்க வேண்டிய 2 மதிப்பெண் போனதோடு, தப்புக்கு 0.50 கழிவு வேறு.

அன்று ராத்திரிதான் உட்கார்ந்து பார்த்தேன். இங்கே ப்ளூ என்பது மேகமில்லாத நீல வானம். போல்ட் என்பது மின்னல், இடி. தெளிந்த வானத்திலிருந்து இடி விழுந்தால் எப்படி இருக்கும்? துளியும் எதிர்பாராத அதிர்ச்சி, அதுதான் பொருள். தாமஸ் கார்லைல் 1837-லேயே இதை எழுத்தில் கையாண்டிருக்கிறார் (தேர்வுக்கு இது வேண்டாம், எனக்குப் பிடித்ததால் சொல்கிறேன்). வெறும் கற்பனையும் இல்லை. மழை பெய்யும் இடத்திலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் தாக்கும்.

நாமும் ‘தலையில் இடி விழுந்த மாதிரி’ என்கிறோமே, அதேதான். அதனால் இது பெரும்பாலும் கெட்ட சேதிக்கு வரும். ‘ஹிஸ் ரெசிக்னேஷன் கேம் அஸ் எ போல்ட் ஃப்ரம் த ப்ளூ.’

‘அவுட் ஆஃப் த ப்ளூ’ இதன் தம்பி, ஆனால் சாது. நல்லது கெட்டது இரண்டுக்கும் பொருந்தும். பத்து வருஷமாகப் பேசாத சிநேகிதி திடுதிப்பென்று போன் பண்ணினால் ‘ஷி கால்டு மீ அவுட் ஆஃப் த ப்ளூ’. எதிர்பார்த்துக் காத்திருந்த ஒன்றுக்கு இதைப் போடக் கூடாது. தேதி அறிவித்து வரும் ரிசல்ட் அவுட் ஆஃப் த ப்ளூ வராது. பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் ‘த’வை மட்டும் உருவிவிட்டு ‘அவுட் ஆஃப் ப்ளூ’ என்று வைப்பார்கள், கவனம். ‘சடன்லி’யையும் கூடச் சேர்த்தால் ‘திடீரென்று திடுதிப்பென்று’ என்ற கதைதான்.

தேர்வின் முதல் கட்டமான டயர் 1-இல் 60 நிமிடத்தில் 100 கேள்வி, ஆங்கிலம் 25. மரபுத்தொடரைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. அகர வரிசைப் பட்டியலை மனப்பாடம் செய்வதை அன்றோடு விட்டேன். ஒரே வேலையைச் செய்யும் தொடர்களை ஒரே பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றும் நினைவில் நிற்க ஓர் ஆளை நிறுத்தப் பார்த்தேன். ‘அவுட் ஆஃப் தின் ஏர்’ வெறுங்கையில் விபூதி வரவழைக்கும் மந்திரவாதிக்கு. ‘கம் அவுட் ஆஃப் த வுட்வொர்க்’ மரச் சந்திலிருந்து பூச்சி கிளம்புவது போல, இவ்வளவு நாள் எங்கிருந்தார்கள் என்றே தெரியாதவர்கள் காரியம் ஆக வேண்டி வருவது.

இந்தக் கடைசித் தொடருக்கு அப்போது ஆள் கிடைக்கவில்லை. வேலை கிடைத்த வாரமே மூன்று சித்தப்பாக்கள் வந்துவிட்டார்கள்.